அவர் குடிப்பதில்லை

1

காலை ஒன்பது மணிக்கு, பிரிக்ஃபீல்ட்ஸ் கடைத்தெருவில், ஒரு பூக்கார அம்மாள் என் கணவரைப் பார்த்து, "காலங்காத்தாலயே ஏத்திட்டு வந்துட்டாரு பாரு" என்றார். பக்கத்துக் கடைக்காரரிடம்தான் சொன்னார். ஆனால் பிரிக்ஃபீல்ட்ஸில் யாரும் மெதுவாகப் பேசுவதில்லை.

என் கணவர் இளங்கோ கோபப்படவில்லை. ஒரு பக்கமாகச் சாய்ந்து, கடையின் கம்பைப் பிடித்துச் சமாளித்து, கையிலிருந்த துண்டுப் பிரசுரங்களில் ஒன்றை அவரிடம் நீட்டினார். 'இவர் குடித்திருக்கிறார் என்று நினைக்கிறீர்களா?' என்பது அதன் தலைப்பு. நடையைத் தள்ளாட வைக்கும் நரம்பு நோய் ஒன்று உண்டு, அட்டாக்ஸியா என்று பெயர், சிறுமூளை கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கிக்கொண்டே போகும், குணப்படுத்த இன்னும் மருந்து இல்லை, ஆராய்ச்சிக்கு உதவுங்கள் என்று கீழே சின்ன எழுத்தில் போட்டிருந்தோம்.

அந்த அம்மாள் தலைப்பை மட்டும் படித்தார். "ஆமா" என்றார்.

இவர் விளக்க ஆரம்பித்தார். நோய் இவருடைய நாக்கையும் விட்டுவைக்கவில்லை, வார்த்தைகள் குழறும். அதனால் விளக்க விளக்க அந்த அம்மாளின் சந்தேகம் தெளிவாகிக்கொண்டே போனது. நான் குறுக்கே போய், "குடிக்கவே மாட்டாரும்மா, இது வியாதி" என்றேன்.

"எல்லாப் பொண்டாட்டியும் இதத்தாம்மா சொல்வாங்க" என்று சொல்லி, ஒரு முழம் மல்லிகையை அறுத்து என் கையில் கொடுத்தார். காசு வாங்கவில்லை.

ஊரிலிருந்து தோழிகள், மலேசியாவில் பொழுது எப்படிப் போகிறது என்று கேட்கிறீர்கள். இப்படித்தான் போகிறது.

2

இங்கே வந்து கால் நூற்றாண்டுக்கு மேல் ஆகிறது. கிள்ளானில் வீடு. துறைமுகத்துப் பக்கம் ஒரு சமையல் எண்ணெய் ஆலையில் இவர் பராமரிப்பு எஞ்சினியர். எங்கள் ஒரே மகள் பவித்ரா இங்கே பிறந்தவள். சுபாங்கில் ஒரு வக்கீல் அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள். என்னோடு தமிழில் பேசுவாள், ஆனால் முக்கியமான விஷயமென்றால் ஆங்கிலத்தில் செய்தி அனுப்புவாள். அப்போதுதான் விஷயம் முக்கியம் என்று எனக்குத் தெரியும்.

இந்த நாடு எங்களை நன்றாகத்தான் வைத்திருக்கிறது. ஒரே ஒரு சிக்கல், பெயரில். எங்களுக்கு இனிஷியல்தானே வழக்கம்? பாஸ்போர்ட்டில் அதை விரித்து, அப்பா பெயரைக் குடும்பப் பெயர் ஆக்கிவிட்டார்கள். ஆகவே குடிநுழைவு அலுவலகத்திலும் வங்கியிலும் மருத்துவமனையிலும் இவரை யாரும் இளங்கோ என்று கூப்பிடுவதில்லை. "கோவிந்தசாமி!" என்பார்கள். ஒவ்வொரு முறையும் இவர் முகம் சுருங்கும். அப்பாவை நினைக்கக்கூடாது என்றுதான் கடல் தாண்டி வந்தார். இங்கே ஒவ்வொரு கவுன்ட்டரிலும் அந்தப் பெயருக்குத்தான் எழுந்து நிற்க வேண்டியிருந்தது.

என் மாமனார் கோவிந்தசாமி பட்டுக்கோட்டைப் பக்கம் தனியார் பஸ்ஸில் கண்டக்டர். நாற்பது வயதுக்கு மேல் தள்ளாட ஆரம்பித்தார். ஓடும் பஸ்ஸில் எல்லோரும்தான் ஆடுவார்கள், அதனால் கொஞ்ச காலம் வெளியே தெரியவில்லை. பஸ்ஸை விட்டு இறங்கினால் தெரிந்தது. வேலை நேரத்தில் குடிக்கிறார் என்று முதலாளி நிறுத்திவிட்டார். பிறகு ஒரு நாள் வாய்க்காலில் விழுந்து இறந்தார். அப்போது இவர் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தார். பையன்கள் எல்லோரும் இவருக்கு முன்னாலேயே அப்பா மாதிரி நடந்து காட்டுவார்களாம்.

அன்றைக்கு எடுத்த சத்தியம், இவர் ஒரு சொட்டு தொட்டதில்லை. கல்யாணத்துக்குப் பேச வந்த தரகர் இதைத்தான் முதலில் சொன்னார்: "மாப்பிள்ளையோட அப்பா குடிச்சே செத்தவரு. அதப் பாத்து பையன் வாசனகூடப் புடிக்கமாட்டான்." என் அப்பா அந்த ஒரு வார்த்தைக்காகவே சம்மதித்தார். எங்கள் தெருவில் அப்படியொரு மாப்பிள்ளை கிடைப்பது அபூர்வம்.

3

இவரை டாக்டரிடம் போகச் சொன்ன முதல் ஆள் ஒரு போலீஸ்காரர்.

கிள்ளானில் ஒரு கல்யாண வரவேற்புக்குப் போய்விட்டுத் திரும்பினோம். சாலையில் தடுப்பு போட்டிருந்தார்கள். அன்றைக்கு இவருக்கு நாக்கு கொஞ்சம் குழறியது. அசதி என்று நினைத்திருந்தோம். இறங்கச் சொல்லி, நேராக நடக்கச் சொன்னார்கள். இவர் நேராக நடக்கவில்லை. ஊதச் சொன்னார்கள். கருவி சுழியம் காட்டியது. அந்த இளம் போலீஸ்காரர் கருவியைத் தட்டிப் பார்த்தார். மறுபடி ஊதச் சொன்னார். சுழியம். பிறகு வேறொரு கருவியை எடுத்துவந்தார்கள். அதுவும் சுழியம்.

"அங்கிள், என்ன குடிச்சீங்க?" என்று மலாயில் கேட்டார்.

"தே தாரிக்" என்றார் இவர். நம் ஊரில் ஆற்றிக் கொடுக்கும் டீதான்.

அவர் கருவியை ஓரமாக வைத்தார். "மாபோக் இல்லை. அப்படியென்றால் இது இன்னும் மோசம். டாக்டரைப் பாருங்கள்" என்று சொல்லி, என்னை ஓட்டச் சொன்னார். மாபோக் என்றால் போதை. இந்த நாட்டில் நான் கற்றுக்கொள்ள விரும்பாத சொல், இப்போது மிகச் சரளமாக வருகிறது.

ஸ்கேன், ரத்தம், மரபணுப் பரிசோதனை. எல்லாம் முடிந்து ஒரு சீனப் பெண் டாக்டர் எங்களை உட்காரவைத்துப் பேசினார். பல்கலைக்கழக மருத்துவமனையில் இதே நோயை ஆராய்ச்சி செய்கிறவர். பரம்பரையாக வருவது என்றார். பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்கு வர சரிபாதி வாய்ப்பு என்றார். நான் பவித்ராவை நினைத்துக்கொண்டேன். இவர் வேறெதையோ நினைத்துக்கொண்டிருந்தார்.

காரில் ஏறியதும் கேட்டார். "அப்ப எங்கப்பா?"

4

என் மாமியார் பட்டுக்கோட்டையில் மூத்த நாத்தனாரோடு இருக்கிறார். வாராவாரம் ஞாயிற்றுக்கிழமை பேசுவோம். அந்த ஞாயிறு போனை நான்தான் கையில் பிடித்திருந்தேன், இவருக்கு விரல்கள் சரியாகப் பிடிப்பதில்லை.

"அம்மா, அப்பா குடிச்சதே இல்லம்மா. அது வியாதி. எனக்கும் அதேதான் வந்திருக்கு" என்றார் இவர்.

மாமியார், "தெரியும்" என்றார்.

"என்ன தெரியும்?"

"குடிக்கலன்னு. பக்கத்துலதான படுத்துருந்தேன்? ஒரு நா வாசன வந்ததில்ல."

"பின்ன ஏம்மா யார்கிட்டயும் சொல்லல?"

"என்னன்னு சொல்றது? அவுங்க அத்த ஒருத்தி இப்புடித்தான் நடந்தா. பொம்பளையா போயிட்டா, குடின்னு சொல்ல முடியல. பேயின்னாங்க. வேப்பிலையால அடிச்சே ஓஞ்சு போனா. ஒங்கப்பாவுக்கு வந்தப்ப ஊரே குடின்னுச்சு. சரி, குடின்னே இருக்கட்டும்னு வுட்டுட்டேன். குடிகாரன் வூட்டுல பொண்ணு எடுப்பாங்க. குடும்பத்துலயே சீக்குன்னா எடுப்பாங்களா? ஒனக்கு மேல ரெண்டு பொட்டப் புள்ளைய வச்சுருந்தேன்ல?"

கடைசியாக, "ஒனக்கும் பொண்ணு பாக்கணும்ல" என்றார்.

அப்படிப் பார்த்த பெண் நான், போனைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

இவர் எழுந்து, சுவரைப் பிடித்துப் பிடித்துக் குளியலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். குழாயைத் திறந்துவிட்ட சத்தம் கேட்டது. வெகுநேரம் தண்ணீர் ஓடியது. சமையலறைக்குப் போய்ப் பருப்பை வேகவைத்தேன். அன்று கடையில் வாங்கிச் சாப்பிடுவதாகத்தான் இருந்தோம்.

அதற்கப்புறம் பல ஞாயிறுகள் நான் மாமியாரோடு பேசவில்லை. அவர் என்னைக் கேட்டதாக இவர் சொன்னார். துணி காயப்போடப் போயிருக்கிறாள் என்று சொல்லச் சொன்னேன். அந்த மாதங்களில் நாங்கள் நிறையத் துணி காயப்போட்டோம்.

இவர் மட்டும் மாறிப்போனார். மருத்துவமனையில் "கோவிந்தசாமி" என்று கூப்பிட்டால் "யெஸ்" என்று சத்தமாகச் சொல்ல ஆரம்பித்தார். சீன டாக்டரிடம் போய், இதற்கு நான் என்ன செய்யட்டும் என்று கேட்டதும் அப்போதுதான்.

5

டாக்டர் தன் கஷ்டத்தைச் சொன்னார். ஆராய்ச்சிக்குப் பணம் கேட்டு விண்ணப்பித்தால், நாட்டில் எத்தனை பேருக்கு இந்த நோய் இருக்கிறது என்று கேட்கிறார்களாம். எத்தனை பேர் என்று கண்டுபிடிக்கத்தான் பணம் கேட்கிறேன் என்று அவர் பதில் எழுதுவாராம். எண்ணிக்கை தெரியாத நோய்க்குப் பணம் ஒதுக்க வழியில்லை என்று மறுபதில் வருமாம். "உங்கள் இந்தியக் குடும்பங்கள் முன்னால் வருவதே இல்லை. ஏன்?" என்று எங்களைக் கேட்டார். நான் மேசையைப் பார்த்தேன்.

இப்படியாக, சில குடும்பங்கள் சேர்ந்து ஒரு குழு ஆனோம். நன்கொடை கேட்டுப் போகும் வேலை எனக்கு வந்தது, எனக்கு நாக்கு குழறாது என்பதால்.

மஸ்ஜித் இந்தியா கடைத்தெருவில் ஒரு துணிக்கடை. ராமநாதபுரத்துப் பக்கத்து முதலாளி. மரியாதையாக உட்காரவைத்து, குளிர்பானம் கொடுத்து, பொறுமையாகக் கேட்டார். முடிந்ததும், "மனசு கஷ்டமாத்தான் இருக்குக்கா. ஆனா டாக்ஸிக்காரங்களுக்குன்னா கொஞ்சம் யோசிக்கணும். இப்ப எல்லாரும் போன்ல கார் கூப்பிட்டுப் போறாங்கள்ல" என்றார்.

"டாக்ஸி இல்லண்ணே. அட்டாக்ஸியா."

"அதான்."

மறுபடி முதலிலிருந்து சொன்னேன். கடைசியில் புரிந்துகொண்டு உதவினார். ரசீதில் என்ன எழுதினார் என்று நான் பார்க்கவில்லை.

கோயில் கமிட்டி ஒன்றில் தலைவர் கையைக் கூப்பினார். "கிட்னின்னா சொல்லுங்கம்மா, உடனே செய்யலாம். ஹார்ட், கேன்சர், எதுன்னாலும் ஓகே. இது ஆளுங்களுக்குத் தெரியாத சீக்கு. தெரியாத சீக்குக்கு எப்படிக் கேக்கறது?" தெரியவைப்பதற்குத்தான் வந்திருக்கிறோம் என்றேன். "தெரிஞ்சப்புறம் வாங்க" என்றார். தலையாட்டிவிட்டு வந்தேன்.

நாங்கள் குடியிருக்கும் அடுக்குமாடியில், மின்தூக்கிக்குப் பக்கத்தில் கார் நிறுத்த இடம் கேட்டிருந்தோம். நிர்வாகத்துப் பையன் மேலும் கீழும் பார்த்து, "வீல்சேர் எங்க ஆன்டி?" என்றான். இன்னும் வரவில்லை என்றேன். வந்ததும் சொல்லச் சொன்னான்.

6

பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு மண்டபத்தில் விழிப்புணர்வு நிகழ்ச்சி வைப்பது என்று முடிவானது. அதற்குச் சுவரொட்டி வேண்டும். பவித்ரா தன் படத்தையே போடச் சொன்னாள். 'என் அப்பா குடிகாரர் இல்லை. நாளைக்கு நானும் இப்படி நடக்கலாம்' என்று படத்தின் கீழே போட வேண்டும், மேடையிலும் அவளே பேசுவாள் என்றாள்.

அந்தச் சமயத்தில் பூச்சோங்கிலிருந்து ஒரு வரன் பேசிக்கொண்டிருந்தோம். பையன் வங்கியில் வேலை. அவன் அம்மா லலிதா சமையல் குத்தகை எடுத்து நடத்துகிறவர், கோயிலில் எனக்குப் பழக்கம். பவித்ராவும் பையனும் இரண்டு முறை காபி குடித்திருந்தார்கள். "ஓகேதான் லா" என்று, இந்த ஊர் 'லா'வைச் சேர்த்துச் சொல்லியிருந்தாள். அவள் அகராதியில் அது பெரிய வார்த்தை.

நான் பவித்ராவிடம் சொன்னேன். "பேசு, வேணாங்கல. ஆனா படம் வேணாம். நிச்சயம் ஆகட்டும். அதுக்கப்புறம் போட்டுக்கலாம்."

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "நிச்சயம் ஆகற வரைக்கும் மறைக்கணும். அப்படித்தானேம்மா?"

"மறைக்கச் சொல்லல. கொஞ்ச நாள் சொல்ல வேணாம்னு சொல்றேன்."

"பாட்டியே பரவால்ல லா, அம்மா. பாட்டிக்கு அந்த நோயோட பேருகூடத் தெரியாது. உங்களுக்கு எல்லாம் தெரியும்."

கார் சாவியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். இவர் சோபாவில் உட்கார்ந்திருந்தார். பாக்கி இருந்த துண்டுப் பிரசுரங்களை அடுக்க ஆரம்பித்தார். அவர் அடுக்கினால் சரியும். சரியச் சரிய அடுக்கிக்கொண்டிருந்தார்.

அந்த ஞாயிறு நான் மாமியாரோடு பேசினேன். "எப்படி அத்தை அவ்வளவு வருஷம் வாயைத் தொறக்காம இருந்தீங்க?" என்று கேட்டேன். சண்டைக்குத்தான் கேட்க நினைத்தேன், கேட்கும்போது அப்படி வரவில்லை.

"தொறந்தா சீக்கு நின்னுருக்கும்னா நெனக்கிற?" என்றார். பிறகு, "ஒன்னய நெனச்சா மட்டும் சங்கடமா இருக்கும்" என்றார். மன்னிப்பு என்று அவர் எதையும் கேட்டதில்லை. இதுதான் அதற்குப் பக்கத்தில் வந்தது.

மறுநாள் லலிதாவைக் கூப்பிட்டு, பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடைக்கு வரச் சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். மாமனார், அவருடைய அத்தை, இவர், சரிபாதி வாய்ப்பு. பவித்ரா இன்னும் பரிசோதனை செய்துகொள்ளவில்லை, செய்வதா வேண்டாமா என்பது அவள் முடிவு என்பதையும் சொன்னேன். லலிதா சாப்பிடுவதை நிறுத்தவில்லை, ஆனால் ரசம் கேட்கவில்லை.

"உங்களுக்குக் கல்யாணத்துக்கு முன்னால தெரியுமா?" என்று கேட்டார்.

"தெரியாது."

"தெரிஞ்சிருந்தா?"

"எங்கப்பா வேணாம்னு சொல்லியிருப்பாரு."

"நீங்க?"

"என்னை யாரும் கேட்டிருக்க மாட்டாங்க."

தலையை ஆட்டினார். இலையை மடித்தார். "வீட்ல கலந்துட்டு சொல்றேன்மா" என்றார். மலேசியாவிலும் அதற்கு அதே அர்த்தம்தான்.

பவித்ராவிடம் சொன்னேன். "ஓகே" என்றாள். கொஞ்சம் கழித்து சோபாவில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, போனில் சுவரொட்டியைக் காட்டினாள். "கண்ணு கொஞ்சம் சின்னதா தெரியுதாம்மா?" என்றாள். தெரிந்தது. நன்றாக இருக்கிறது என்றேன்.

7

நிகழ்ச்சிக்கு ஒரு பிரமுகர் தலைமை தாங்கினார். பெயர் வேண்டாம். தாமதமாக வந்தார், சுவரொட்டியில் பெரிய எழுத்தை மட்டும் பார்த்திருக்கிறார். மைக்கைப் பிடித்து, மது எப்படியெல்லாம் நம் சமுதாயத்தைச் சீரழிக்கிறது என்று உருக்கமாகப் பேசினார். முன்வரிசையில் தள்ளாடி வந்து உட்கார்ந்திருந்த எங்கள் ஆட்களைக் கைகாட்டி, "திருந்தி வந்திருக்கும் இந்தச் சகோதரர்களை நாம் கைதட்டி வரவேற்க வேண்டும்" என்றார். கைதட்டினார்கள். சீன டாக்டருக்குத் தமிழ் தெரியாது, அவரும் கைதட்டினார்.

பவித்ரா அடுத்துப் பேச வேண்டும். அதற்குள் இவர் எழுந்துவிட்டார். நாற்காலி முதுகுகளைப் பிடித்துப் பிடித்து மேடைக்குப் போனார். படியில் பவித்ரா கை கொடுத்தாள். மைக் முன்னால் நின்று இவர் பேசியதை, குழறலை விட்டுவிட்டு எழுதுகிறேன்.

"ஐயா சொன்னதுல தப்பில்ல. பாத்தா அப்படித்தான் தெரியும். எங்கப்பா கோவிந்தசாமி. பஸ் கண்டக்டர். அவரு குடிக்கல. நான் அவர் பையன், நானே அவரைக் குடிகாரர்னு நெனச்சேன். அவருக்குக் கொள்ளி போட்டது நான்தான். அழாம போட்டேன். அவரு குடிக்கல. இதைச் சொல்லத்தான் வந்தேன்."

அவ்வளவுதான் பேசினார். ஆராய்ச்சி பற்றி, நிதி பற்றி எல்லாம் எழுதிக்கொடுத்திருந்தோம், எதையும் சொல்லவில்லை. மண்டபத்தில் யாரும் கைதட்டவில்லை. பிறகு பவித்ரா மைக்கை வாங்கி, "நான் அவர் பொண்ணு. எனக்கும் வரலாம், வராமலும் போகலாம். டாக்டர் வெளியே மேசை போட்டிருக்காங்க. உங்க வீட்லயும் யாராச்சும் இப்படி நடந்தா, தயவுசெஞ்சு திட்டறதுக்கு முன்னால அங்க வந்து ஒரு வார்த்த பேசுங்க" என்றாள். அவளுடைய தமிழில் இவ்வளவு நீளமான வாக்கியத்தை நான் கேட்டதில்லை.

வெளியே மேசை முன்னால் வரிசை நின்றது. பெரிய வரிசை என்று சொல்ல மாட்டேன். ஒரு வயதான அம்மாள், தன் அண்ணன் இறந்து பல வருடம் ஆகிறது, இப்போது பெயர் கொடுக்கலாமா என்று கேட்டார். டாக்டர் எழுதிக்கொண்டார். பிரமுகர் கிளம்பும்போது இவரிடம் வந்து, கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். மறுநாள் அவர் அலுவலகத்திலிருந்து ஆராய்ச்சி நிதிக்கு ஒரு காசோலை வந்தது.

நிகழ்ச்சியின் வீடியோவை மாமியாருக்கு அனுப்பினோம். சாயங்காலம் குரல் பதிவு வந்தது. "மைக்கக் கொஞ்சம் தள்ளிப் புடிக்கச் சொல்லு. பாதி கேக்கல" என்றார். பிறகு, "ஒங்கப்பா பேரச் சொன்னது மட்டும் நல்லாக் கேட்டுச்சு" என்றார்.

8

இரண்டு வாரம் கழித்து லலிதா போன் செய்தார். நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன். கையைத் துடைத்துக்கொண்டு எடுத்தேன்.

"வீடியோ பாத்தேன்மா" என்றார். "என் தம்பி ஒருத்தன் பண்டமாரான்ல இருக்கான். போர்ட்ல லோரி ஓட்டிட்டு இருந்தான். ரெண்டு வருஷமா வேலைக்குப் போறதில்ல. விழுந்துட்டே இருக்கான். அவன் குடிப்பான், இல்லேங்கல. ஆனா இப்ப குடிக்காத நாள்லயும் அப்படித்தான் நடக்கறான். நாங்க யாரும் அவன் வீட்டுப் பக்கம் போறதில்ல." பிறகு கேட்டார்: "அந்த டாக்டர் கோபக்காரவங்களா?"

"இல்ல. நல்லாப் பேசுவாங்க."

"மலாய்ல பேசுவாங்களா, இங்கிலீஷா?"

"ரெண்டும். நான் கூட வரேன்."

மாப்பிள்ளையைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

மருத்துவமனைக்குப் போகும் வழியில் காரில் அவரே சொன்னார், மகனுக்கு ஈப்போவில் பெண் பார்த்திருக்கிறார்களாம். நல்ல பெண்ணாம். நல்லது என்றேன். பின்சீட்டில் அவர் தம்பி, தலையைக் கண்ணாடியில் சாய்த்துக்கொண்டு, தூங்குவது போலக் கண்ணை மூடியிருந்தார். சுத்தமாகச் சவரம் செய்து, சட்டையைக் கழுத்து வரை பொத்தான் போட்டிருந்தார். நோயா, குடியா, இரண்டுமா என்று டாக்டர்தான் சொல்ல வேண்டும். இன்னும் சொல்லவில்லை.

கவுன்ட்டரில் ஒரு மலாய்ப் பெண், நோயாளியோடு வந்தவர்கள் யார் என்று கேட்டாள். லலிதாவை நோயாளியின் அக்கா என்று பதிவு செய்தாள். பிறகு என்னைப் பார்த்து, "ஆன்டி யார்?" என்றாள். லலிதா திரும்பி என்னைப் பார்த்தார். பிறகு அந்தப் பெண்ணிடம், "சம்பந்தி" என்றார், தமிழிலேயே.

அந்தப் பெண்ணுக்குப் புரியவில்லை. அவளுடைய கணினியில் அப்படி ஒரு உறவு இல்லை. 'நண்பர்' என்று தட்டிவிட்டு, எங்களை உள்ளே போகச் சொன்னாள். லலிதா தம்பியின் ஒரு கையைப் பிடித்துக்கொண்டார். இன்னொரு கையை நான் பிடித்துக்கொண்டேன்.